பதினான்காம் எண் சாவி

ஜூன் 3, செவ்வாய்

செம்மணல்துறையில் மூன்றாவது எஞ்சினும் களவு போயிற்று. முதலிரண்டும் மே மாதத்தில் போயின. இம்முறை பறிகொடுத்தவன் தொம்மை. எனக்கு மீன் கொண்டுவந்து, ஆய்ந்து, குழம்பும் வைத்துவிட்டுப் போகிற அமலோற்பவத்தின் கணவன். காலை ஏழு மணிக்கு அவள் வெறுங்கையோடு வந்து நின்று, "இன்னைக்கு மீனு இல்ல டீச்சர். எஞ்சினே இல்ல" என்றாள். அழவில்லை. அழுகிறவர்களிடம் எனக்குப் பேசத் தெரியாது என்பதை அவள் அறிவாள்.

இங்கே முப்பத்தொரு வள்ளங்கள். ஒவ்வொன்றின் பின்பலகையிலும் இரண்டு திருகுகளால் இறுக்கிய ஓர் எஞ்சின். திருகுகளைக் கையால் தளர்த்தினால் போதும், நாற்பது கிலோ எடையுள்ள ஒரு குடும்பத்தின் சோறு தோளேறிப் போய்விடும். ஆகையால் தினமும் கரை சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றிக் கம்பில் கட்டி, இருவர் தோளில் ஏற்றி, சுடுமணலில் அரை கிலோமீட்டர் வீட்டுக்குச் சுமக்கிறார்கள். நேற்று தொம்மைக்குத் தோள்பட்டை பிசகியிருந்ததாம். ஒரு நாள்தானே என்று வள்ளத்திலேயே விட்டுவிட்டானாம்.

அந்த ஒரு நாளைத் திருடன் எப்படி அறிந்தான்?

ஜூன் 5, வியாழன்

கஸ்பார் வந்தான். ஊர்க் கமிட்டித் தலைவன். என் பெரியப்பா மகனுக்கு மகன்.

"அத்தை, நீங்க பிசிக்ஸ் படிச்சவங்க. நல்லதா ஒரு பூட்டு சொல்லுங்க."

"பிசிக்ஸ் படித்தவள் பூட்டுக்காரி ஆகிவிடமாட்டாள்."

"அப்ப முப்பத்தாறு வருசம் காலேஜுல என்னத்தப் படிச்சுக் குடுத்தீங்க?"

அளவு நாடாவைத் தேடி எடுத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போய்க் கஸ்பாரின் எஞ்சினை ஒரு மணி நேரம் பார்த்தேன். திருகுகள் இரண்டுக்கும் பிடிகள் உண்டு. பிடிகளை ஒன்றையொன்று நோக்கித் திருப்பினால் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அவற்றின்மேல் ஒரு பக்கம் பிளந்த எஃகுக் குழாயைச் செருகிவிட்டால் பிடிகள் அசையா; பிடிகள் அசையாவிட்டால் திருகுகள் சுழலா. பூட்டைக் குழாயின் வாய்க்குள்ளேயே ஒளித்துவிட்டால் சுத்தியலும் எட்டாது.

ஒரு சாண் குழாய்! இத்தனை எளிமையைக் கண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். கடவுளின் இருப்புக்கு இதைவிட நல்ல சான்றைச் சாமியார் இன்று பிரசங்கத்தில் தரவில்லை.

ஜூன் 12, வியாழன்

கடலோரக் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரில் பட்டம் பெற்றவள் என்று யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். யார்மீதாவது ஐயம் உண்டா என்று கேட்டார். என்னிடம் ஐயங்கள் இல்லை, கணக்குதான் இருக்கிறது என்றேன். மணலில் இழுத்த தடம் இல்லை. ஆகவே தூக்கிப் போயிருக்கிறார்கள். நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. ஆகவே அருகில் உள்ள வீடு. எஞ்சின் கரையில் இருப்பதை அறிந்தவர் ஒருவரே. ஆகவே அவருடைய வீடு. காப்பீட்டுக்காகத் தன் பொருளைத் தானே மறைப்பவர்கள் உலகில் இல்லாமலில்லை.

நான் பெயர் எதையும் சொல்லவில்லை. திசையைத்தான் சொன்னேன்.

ஜூன் 14, சனி

தொம்மையை நேற்று முழுவதும் நிலையத்தில் உட்காரவைத்திருந்து மாலையில் அனுப்பினார்களாம். அவனுடைய எஞ்சினுக்குக் காப்பீடே இல்லையாம்.

அமலோற்பவம் இன்று விளமீன் கொண்டுவந்தாள், ஏலத்தில் வாங்கியதாம். குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஊர்க் கூட்டம். கமிட்டியின் பழைய எஞ்சினைத் தொம்மைக்கு இரவல் கொடுப்பதென்று முடிவாயிற்று. இருமல் நோயாளியைப் போன்ற எஞ்சின். அவன் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

பூட்டைப் படம் வரைந்து விளக்கினேன். முப்பத்தொரு பூட்டு, முப்பத்தொரு விதமான சாவி என்றேன்.

"எதுக்கு அத்தன விதம், தெக்லாக்கா?" என்றார் லாசர். எழுபத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை நீக்கியதால் போட்ட கறுப்புக் கண்ணாடி. "ஊருக்குள்ள நாம ஒருத்தர ஒருத்தர் பூட்டணுமா?"

"திருடன் வெளியூர்க்காரன் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது?"

கஸ்பார்தான் "சரி அத்தை, நீங்க சொன்னபடியே" என்றான். இத்தனை விரைவில் அவன் எதற்கும் இணங்கியதில்லை. என் தருக்கத்தின் வலிமை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

தூத்துக்குடியில் நயினார் ஆசாரியின் லேத் பட்டறை. மாதிரிக் குழாயை ஆக்ஸா பிளேடால் அறுக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பிளேடுகள் மொக்கையாயின. நாற்பத்தேழு நிமிடங்களில் பாதிதான் அறுபட்டது. ஆசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இதத் திருடுறவன் எங்கிட்ட வேலைக்கு வரலாம்" என்றார்.

"சாவி எல்லாம் வேற வேறதான?" என்று கேட்டபோது அவர் கஸ்பாரைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொன்னேன். ஆட்டோவில் ஏறிய பிறகு கஸ்பார் ஹெல்மெட்டை மறந்துவிட்டதாக உள்ளே ஓடினான். நாங்கள் வந்ததோ பேருந்தில். இந்த வயதிலேயே இவனுக்கு இத்தனை மறதி.

ஜூலை 15, செவ்வாய்

பூட்டுகள் வந்து பொருத்தியாயிற்று. குழாய்தோறும் எண் பொறித்திருக்கிறது. சாவிதோறும் எண் பொறித்த அலுமினிய வில்லை. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை நானே சரிபார்த்தேன். மாற்றுச் சாவிகள் கமிட்டி அலமாரியில் வைக்கப்பட்டிருப்பதாகக் கஸ்பார் சொன்னான்.

நான் வகுக்காத ஒரு விதி தானாகவே உண்டாகிவிட்டது: சாவி கடலுக்குப் போவதில்லை. உப்பு தின்னும், அலை பறிக்கும் என்கிறார்கள். விடியலில் மனைவி கடற்கரைக்கு வந்து பூட்டைத் திறந்துவிட்டுச் சாவியை ஊக்கில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். வள்ளம் திரும்பியதும் அவளே வந்து பூட்டுகிறாள். அமலோற்பவத்தின் சாவி பதினான்காம் எண்.

மாலையில் பார்த்தேன். முப்பத்தொரு வள்ளங்கள் மணலில் வரிசையாக, எஞ்சின்களைச் சுமந்தபடியே. ஆண்கள் வெறுந்தோளோடு கைவீசி வீட்டுக்கு நடந்தார்கள். ஓர் ஊர் முழுதும் தோளைத் தாழ்த்தி நடப்பதையே குழந்தையிலிருந்து கண்டவள் நான்; அது நிமிர்ந்து நடப்பதை இன்றுதான் கண்டேன். உடம்பு சிலிர்த்தது. கடற்காற்று என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 27, ஞாயிறு

களவு இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் 150. தொம்மை நான்கு வாரமாகப் பூசைக்கு வரவில்லை, வலை வேலையாம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வலை வேலையோ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்று தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. விடிவதற்குள் ஊரே பேருந்து பிடித்துப் போய்விட்டது. வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள பெண்கள் பத்துப்பன்னிரண்டு பேரும், பேருந்தின் ஆட்டம் ஆகாத ஆண்கள் ஐந்தாறு பேரும், கூட்டம் ஆகாத நானும்தான் மீதி.

பதினொரு மணிக்கு அமலோற்பவம் வாசலில் வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"டீச்சர், அவுக கடலுக்குப் போனாவ. இன்னும் வரல."

"திருவிழா நாளிலா? யாரோடு?"

"ஒத்தையில. இன்னைக்குக் கூட யாரு வருவா? ஊரே ஒண்ணா பஸ் ஏறுதப்ப எங்கூட ஒரே சீட்டுல எவன் உக்காருவான்னு கேட்டாவ. நேத்துப் போட்ட நண்டு வலை கெடக்கு, எடுத்துட்டு எட்டு மணிக்கு வந்துருவேன்னாவ."

அந்த இருமல் எஞ்சின். வெளியே கச்சான் காற்று தென்னைகளைக் கிழக்கே வளைத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று அது; எஞ்சின் நின்ற வள்ளத்தை மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வீதம் தள்ளிக்கொண்டே போகும். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. பெருக்கலை மனத்துக்குள் செய்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

காவல் நிலையத்துக்குத் தொலைபேசினோம். படகு புறப்பட்டுவிடும், ஆனால் இவ்வளவு தூரம் வந்துசேர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். கஸ்பாரை அழைத்தால் மேளச் சத்தம்தான் கேட்டது. கடற்கரைக்கு ஓடினோம். எழுபத்தாறு வயதில் நானும் ஓடினேன்.

முப்பது வள்ளங்கள் நின்றன. முப்பது எஞ்சின்கள். முப்பது எஃகுக் குழாய்கள். நல்ல எஞ்சின்களின் சாவிகளெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் யார் யார் இடுப்பிலோ. இங்கே நின்ற பெண்களின் இடுப்பில் இருந்தவை பழைய, எண்ணெய் தீர்ந்த எஞ்சின்களின் சாவிகள். மாற்றுச் சாவிகள் கமிட்டி அலமாரியில். அலமாரிச் சாவி கஸ்பாரிடம். லாசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆக்ஸா பிளேடு எங்கே என்று கத்தினேன். கத்தியபோதே நினைவுக்கு வந்தது: மூன்று பிளேடு, நாற்பத்தேழு நிமிடம், அதுவும் பாதி. அந்த எண்களை என் கையால் எழுதிப் பெருமைப்பட்டவள் நான். கண்ணெதிரே முப்பது எஞ்சின்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைச் சாகவிடுகிற ஏற்பாட்டை இத்தனை திருத்தமாக வேறெவரும் செய்திருக்க முடியாது.

அமலோற்பவம் இடுப்பிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். கஸ்பாரின் வள்ளத்தில் ஏறினாள்; ஊரிலேயே புதிய எஞ்சின், மூன்றாம் எண் பூட்டு.

"அடியே, அது உன் சாவி இல்லை!" என்றேன். "உன்னுடையது பதினான்கு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவி உள்ளே போயிற்று, சுழன்றது. குழாய் உருவிக்கொண்டு வந்து வள்ளத்தின் தட்டில் விழுந்தது.

எனக்குப் புரிவதற்குள் மற்றப் பெண்களும் வள்ளங்களை நோக்கி நடந்துவிட்டார்கள். ஏழாம் எண் சாவி இருபதாம் பூட்டைத் திறந்தது. இருபத்திரண்டாம் எண் சாவி ஒன்பதைத் திறந்தது. எவளும் எண்ணைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்தார்கள்: எது வலுவானது, எதில் எண்ணெய் இருக்கிறது என்று. வில்லைகளை ஒன்று முதல் முப்பத்தொன்று வரை சரிபார்த்தவள் சாவிகளின் பல்லை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எல்லாமே ஒரே சாவி.

ஐந்து வள்ளங்கள் நீரில் இறங்கின. பன்னிரண்டு பெண்கள் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். ஓட்டுவதற்கு லாசரும் நான்கு ஆண்களும்தான் இருந்தார்கள். அலையை அறுத்து ஓட்டுகிறவனால் சுற்றிலும் பார்க்க முடியாது. வள்ளத்துக்கு ஒரு சோடிக் கண் கூடுதலாக வேண்டும். எங்கள் ஊரில் பெண் வள்ளத்தில் கால்வைப்பதில்லை. அது எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத வழக்கம். லாசர் ஒரு நொடி பார்த்தார்.

"என்ன நிக்கிறிய? ஏறுங்க பிள்ளைகளா. மாதா கண்டுக்கமாட்டா, அவளும் இன்னைக்குத் தேர்ல ஏறி வெளியதான் சுத்துதா."

ஐந்து பெண்கள் ஏறினார்கள். அமலோற்பவம் முன்முனையில் நின்றாள், உட்காரவில்லை.

"நானும் வருகிறேன்" என்றேன்.

"நீங்க கரையில நில்லுங்க தெக்லாக்கா. அந்தச் செம்மேட்டு உச்சியில நில்லுங்க. கோயில் கோபுரமும் உங்க வெள்ளச் சேலையும் ஒரே நேர்ல தெரிஞ்சா நாங்க பாதை பிசகலன்னு அர்த்தம். அசையாதீங்க."

நின்றேன். பகல் வெயில் செம்மணலில் பட்டு எரிந்தது. ஐந்து வள்ளங்களும் விசிறிபோல் விரிந்து கிழக்கே போயின. பிறகு ஐந்து கீறல்கள், பிறகு கடல் மட்டும். மனிதக் கண்ணின் திறன் எனக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நான் ஒரு புள்ளிகூட இல்லை. என்னை ஓரமாக நிறுத்திவைக்க லாசர் செய்த உபாயமாகவும் இருக்கலாம். ஆனாலும் இறங்கவில்லை. அசைந்தால் ஐந்து வள்ளங்களும் வழி தவறிவிடும் என்ற மூடநம்பிக்கையோடு, பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்ற நான், சேலைத் தலைப்பை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றேன்.

அந்தக் கடலை நான் வாழ்நாள் முழுதும் பார்த்திருக்கிறேன். இன்றுதான் அது எவ்வளவு பெரிது என்று கண்டேன். அதைவிட, அவ்வளவு பெரிதின்மேல் ஐந்து சாவிகளோடு போய்விட்டார்களே என்பதைக் கண்டேன்.

நான்கே காலுக்கு ஒரு கீறல். பிறகு மேலும் நான்கு. எண்ணினேன், ஐந்துதான். மறுபடி எண்ணினேன். கஸ்பாரின் வள்ளத்துக்குப் பின்னால் கயிற்றில் ஆறாவது வந்தது. அதில் தொம்மை குந்தியிருந்தான். எஞ்சின் நின்றுபோய், நங்கூரமும் தரையைப் பிடிக்காமல் பதினாறு கிலோமீட்டர் இழுபட்டிருக்கிறான்.

கரை இறங்கியதும் அமலோற்பவம் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "நண்டு எங்கலே?" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கஸ்பாரை வரவழைத்தேன். திருவிழா இனிப்போடு வந்தான்.

"முப்பத்தொரு விதமான சாவி என்று சொன்னேன்."

"ஆமா அத்தை. நாங்க நயினார்ட்ட ஒண்ண வெட்டி முப்பத்தொண்ணாக்கச் சொன்னோம்."

"ஹெல்மெட்டை எடுக்கப் போனபோதா?"

சிரித்தான். "கடல்ல ஆளக் காணலன்னா கைக்குக் கெடச்ச வள்ளத்த எடுத்துட்டுப் போறது நம்ம ஊருல எப்பவும் உள்ளதுதான? யாரு வள்ளம், யாரு எஞ்சின்னு அந்நேரம் கேக்க முடியுமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கட்டுமரக் காலத்திலேயே அப்படித்தான். கணக்கில் அதைச் சேர்க்க மறந்தேன்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா வாதாடுவீங்க. வாதத்துல நீங்கதான் செயிப்பீங்க. செயிச்ச பெறகு நாங்க என்ன செய்ய?"

"ஊருக்குள்ளேயே திருடன் இருந்தால்?"

"இருக்கட்டும் அத்தை. ஒரு எஞ்சின் போவும். அவ்வளவுதான?"

இனிப்பு அளவுக்கு மீறித் தித்தித்தது. இரண்டு தின்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தொம்மையின் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் கிழிந்த வலையைக் காலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

"ஜூன் மாதம் இன்ஸ்பெக்டரிடம் உன்னைச் சொன்னவள் நான்தான்."

"தெரியும் டீச்சர்."

"அவர் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு நான் வலைப் பந்தல்ல இருந்தேன். நீங்க வாசல்ல நின்னு கை நீட்டுனீங்க." தலை நிமிராமல் தன் கையை நீட்டிக் காட்டினான். ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டுவதுபோல் நேராக, விரல் விறைப்பாக. அது என் கைதான்.

திசையைத்தான் சொன்னேன் என்று இந்த ஏட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உள்ளேயிருந்த அமலோற்பவத்திடம், "உனக்கும் தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்கே சொன்னாவளே."

"தெரிந்துமா இரண்டு மாதம் எனக்கு மீன் ஆய்ந்தாய்?"

"பெறகு? நீங்க ஆய்ஞ்சா செதிலு போவாது, வெரலுதான் போவும்."

தொம்மை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். அறுபது நாள் என் சமையலறையில் நின்றவள், கரண்டியின் ஓசையில்கூட அதை எனக்குக் காட்டவில்லை. விண்மீன்களின் தூரத்தைக் கேட்டு வியந்திருக்கிறேன். இதற்கு எந்த அளவுகோலை வைப்பது?

"மன்னித்துவிடு என்று கேட்க வந்தேன்" என்றேன்.

தொம்மை ஊசியை நிறுத்தினான். "எங்கிட்ட கேட்டு என்ன டீச்சர்? நான் திருடலன்னு எனக்குத் தெரியும். கூட்டத்துல எம்பக்கம் எவனும் உக்காரல. அங்க சொல்லுங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் பின் ஊர்க் கூட்டம். தொம்மை கடைசி வரிசையில் இருந்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் அவன் பக்கத்து இடங்கள் காலிதான். கடலில் மீட்டுவருவது வேறு, அருகில் உட்காருவது வேறு போலும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பேச வேண்டும் என்றேன். முப்பத்தாறு ஆண்டு நின்றே பாடம் நடத்தியவளுக்கு எழுந்து நிற்க நாற்காலியின் கை தேவைப்பட்டது.

"ஜூன் பன்னிரண்டாம் தேதி தொம்மையின் வீட்டைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். அவன் திருடினான் என்பதற்கு அன்றும் என்னிடம் சான்று இல்லை, இன்றும் இல்லை. நான் செய்தது தவறு."

யாராவது ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். உண்மைத் திருடன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவன் பிடிபட்டிருந்தாலும் எளிதாக இருந்திருக்கும். எதையும் எளிதாக்காமல் அறுபது எழுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொம்மை எழுந்து நின்றான். "சரி" என்றான். உட்கார்ந்தான்.

லாசர் முன்வரிசையிலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்கு நடந்துபோய்த் தொம்மையின் வலப்பக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். கஸ்பார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த காரியத்தை எடுத்தான்: தொம்மைக்கு ஓடுகிற எஞ்சின் ஒன்று பார்ப்பது பற்றி.

கூட்டம் கலைந்தபோது தொம்மை என்னைப் பாராமல் போனான். அமலோற்பவம் அவனோடு போனாள். மன்னித்தார்கள் என்று எழுத ஆசைதான். சான்று இல்லாமல் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் விதி. அதை ஒரே ஒருமுறைதான் மீறியிருக்கிறேன்.